டீசலைக் கூட்டும் முன் காற்றைப் பாருங்கள்

சிங்கிள் சிலிண்டர் எஞ்சின் கரும்புகை விட்டால், டீசல் முழுசாக எரியாமல் போகிறது என்று அர்த்தம். தொழில் பழகிய காலத்தில், இழுவை இல்லை என்று வந்த எஞ்சினுக்கு நான் டீசல் பம்பில் டீசலைக் கூட்டி வைத்தேன். புகை இன்னும் கறுத்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றினால், அடியில் தூசி பிடிக்க ஊற்றும் எண்ணெய் சேறாக உறைந்து கிடந்தது. அன்றிலிருந்து காற்றைப் பார்க்காமல் டீசலைத் தொடுவதில்லை.

ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதற்கு மேலேயே தேவை. ஃபில்டர் வலையை டீசலில் அலசி வடியவிட்டு, புது எண்ணெயைக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். சைலன்சரில் கரி அடைத்திருந்தால் தட்டி எடுங்கள். டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள சந்தை, எஞ்சின் புத்தகம் சொல்லும் அளவுக்கு வையுங்கள். பெரும்பாலும் எஞ்சின் ஆறியிருக்கும்போது வைப்பதுதான்.

அடுத்து நாசில், அதாவது டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனை. எனக்கு முக்கால்வாசி வேலை இதில்தான். நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி பனிப்புகையாகப் பீய்ச்ச வேண்டும். கம்பியாக ஒழுகக் கூடாது. பல சிறு எஞ்சின்களில் 200 பார் பக்கம் திறக்கும், உங்கள் எஞ்சினுக்குரிய அளவைப் புத்தகத்தில் பாருங்கள். திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே பத்து விநாடி பிடித்து நிறுத்துங்கள். முனையில் சொட்டு திரண்டால் அந்த நாசில் ஆகாது. பீய்ச்சும் டீசலுக்கு எதிரே கையை நீட்டவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். சின்னப் புள்ளிதான் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திரும்ப மாட்டும்போது டார்ச் அடித்து நாசில் உட்காரும் குழிக்குள் பாருங்கள். பழைய செம்பு வாஷர் அடியில் ஒட்டியிருக்கும். அதன் மேலேயே புதுசு போட்டால் நாசில் உயர்ந்து, பீய்ச்சல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடம் தப்பும்.

சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லையா? கம்ப்ரஷனையும் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு) டைமிங்கையும் (டீசல் பீய்ச்சும் நேரம்) சோதியுங்கள். டீசல் பம்ப் அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்த எஞ்சின்களில், ஷிம்மைக் கூட்டினால் டைமிங் பிந்தும், எடுத்தால் முந்தும். அளக்காமல் எடுக்காதீர்கள்.

அப்புறம், குளிர்ந்த தண்ணீரை எஞ்சினுக்குள் தாராளமாக ஓடவிடுவதும் டீசலைத் தின்னும். வெளியே வரும் தண்ணீர் 60 டிகிரியாவது இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும், முன்பு ஓட்டிய அதே சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டி, டீசலை அளந்து எழுதி வையுங்கள்.