மின்சார ஸ்கூட்டரில் இரண்டாவது பேட்டரி மாட்யூலை இணையாகச் சேர்ப்பது எப்படி

முதலில் கணக்கு. 16 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்களைத் தொடராக அடுக்கிய 40 ஆம்ப்-ஹவர் மாட்யூல் 51.2 வோல்ட், அதாவது 2,048 வாட்-ஹவர். அதில் 90 சதவீதம் பயன்பட்டு, ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 30 வாட்-ஹவர் எடுத்தால் 61 கி.மீ. ஓடும். இன்னொன்று சேர்த்தால் 122 வந்துவிடாது. எடை கூடிச் செலவு கிலோமீட்டருக்கு 32 வாட்-ஹவர் ஆனாலே 115-தான். ஆகவே மாட்யூலுக்குக் காசு எடுக்கும் முன் டயர் காற்றையும் பிரேக் உரசலையும் பாருங்கள். வேகத்தையும்தான்: மணிக்கு 40 கி.மீ.-லிருந்து 60-க்குப் போனால் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை 2.25 மடங்காகிறது.

அப்படியும் போதவில்லை என்றால், அதே வகை செல், அதே செல் எண்ணிக்கை உள்ள மாட்யூலாகப் பாருங்கள். ஆம்ப்-ஹவர் மட்டும் வேறுபடலாம். 14 என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) செல்களின் முழு சார்ஜ் 58.8 வோல்ட், 16 எல்எஃப்பி செல்களுடையது 58.4. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். இறங்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இறங்காது. ஒன்று மற்றதற்குள் சார்ஜைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பலகை), பாசிட்டிவ் முனையை ஒட்டித் தனி ஃப்யூஸ் வேண்டும். கார்களில் வரும் 32 வோல்ட் பிளேடு ஃப்யூஸ் ஆகாது. அது உருகிய பிறகும் பொறி அணையாமல் நிற்கலாம். டிசி 80 வோல்ட் தரமாவது இருக்கட்டும். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் 60 ஆம்ப் இழுத்தால், இரண்டு பிஎம்எஸ்ஸும் தனித்தனியே 60-ஐத் தாங்க வேண்டும். ஆளுக்கு 30 போதும் என்று விட்டால், ஒன்று துண்டித்ததும் மொத்தச் சுமையும் மற்றதன் மேல் விழுந்து அதுவும் துண்டிக்கும். ஓடும் வண்டி நடுவழியில் செத்துப்போகும்.

இணைக்கும் நாளில்:

1. இரண்டையும் ஒரே சார்ஜரில், தனித்தனியே முழுதாக ஏற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள்.
2. மல்டிமீட்டரில் அளக்கவும். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் அடுத்த படி.
3. ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். டெர்மினல்களுக்குக் குறுக்கே விழும் ஸ்பேனர் அங்கேயே பற்றவைத்துக்கொள்ளும்.
4. நெகட்டிவ்வை நெகட்டிவ்வோடும், பிறகு பாசிட்டிவ்வைப் பாசிட்டிவ்வோடும் பொதுக் கட்டைக்கு (பஸ்பார்) கொண்டுவாருங்கள். 16 சதுர மி.மீ. செப்புக் கேபிள், இரண்டு பக்கமும் ஒரே நீளம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மாட்யூல்கள், கேபிள், ஃப்யூஸ் எல்லாம் சேர்ந்து 60 மில்லி ஓம் என்றால், 3 வோல்ட் வித்தியாசத்துக்கே தொட்ட நொடியில் 50 ஆம்ப் பாயும். பாதி சார்ஜில் அளந்து ஒப்பிடவும் கூடாது. எல்எஃப்பியின் வோல்டேஜ் நடுவில் கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுவதால், 40 சதவீதமும் 60 சதவீதமும் மீட்டரில் ஒரே மாதிரி தெரியும்.

கன்ட்ரோலரின் கெப்பாசிட்டருக்கு ப்ரீசார்ஜ், அதாவது மெயின் சுவிட்ச் போடும் முன் மெதுவாக நிரப்புவது, தேவை. மெயின் சுவிட்சுக்கு இணையாக 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரையும் ஒரு புஷ் பட்டனையும் தொடராகக் கோத்துப் போடுங்கள். இரண்டு நொடி அழுத்திய பிறகு மெயின் சுவிட்ச். அந்த நேரம் விளக்கு ஏதாவது எரிந்துகொண்டிருந்தால் கெப்பாசிட்டர் நிரம்பாது.

மாட்யூல்களைப் பிரிக்க, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு போடலாமே என்று தோன்றும். ரீஜென் (பிரேக்கிங்கில் மோட்டாரே மின்சாரம் எடுத்துத் தருவது) உள்ள வண்டியில் வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாமல் வோல்டேஜ் ஏறி, கன்ட்ரோலரைச் சாகடிக்கும்.

முதல் 10 நிமிட ஓட்டத்துக்குப் பின் நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். 5 மில்லி ஓம் தளர்வு உள்ள ஒரு போல்ட், 60 ஆம்பில் 18 வாட் சூட்டைக் கக்கும். சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. மற்றவற்றைவிடச் சூடான இணைப்பைக் கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) திரும்ப முறுக்குங்கள்.