ஆள் எடுப்பதற்கு முன்னால் வேலை எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்

புதிதாக இரண்டு கிளையண்ட் வந்துவிட்டார்கள், இருக்கிற டீம் ராத்திரி வரை உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறது, அப்போது உடனே நாலு டெவலப்பரை எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, எடுத்தேன், அடுத்த இரண்டு மாதம் வேலை முன்பைவிட மெதுவாக நகர்ந்தது. பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பாதி நாளைக் கழித்தார்கள்.

அதனால் வேலைக்கு ஆள் தேவை என்று அறிவிப்பதற்கு முன், கடைசியாக முடித்த இருபது டிக்கெட்டை (தனித்தனியாகப் பதிந்து வைத்த வேலைகளை) எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று ஒரு ஷீட்டில் எழுதுங்கள். நாங்கள் இதைத் தாமதமாகத்தான் செய்தோம். கோட் எழுதியது சராசரியாக ஒன்றரை நாள், ரிவ்யூவுக்காக, அதாவது எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்ப்பதற்காக, சும்மா கிடந்தது நாலு நாள் என்று வந்தது. காரணம், எல்லா புல் ரிக்வெஸ்டையும் (எழுதிய மாற்றத்தைச் சேர்க்க அனுமதி கேட்பது) ஒரே ஒரு சீனியர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசலில் வரிசை நிற்கும்போது நான் வரிசைக்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்திருக்கிறேன்! உள்ளேயே இரண்டு பேருக்கு ரிவ்யூ செய்து ஒப்புதல் தரும் உரிமையைக் கொடுத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. உங்களுக்கு டெஸ்டிங்கில் தேங்கலாம், அல்லது கிளையண்டுக்கு என்ன வேண்டும் என்பதே கடைசி வரை தெளிவாகாமல் இருக்கலாம். எங்கே தேங்குகிறதோ அந்த இடத்துக்குத்தான் ஆள்.

தாமதமான புராஜெக்டில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்று, ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் உருவாக்கும் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். கணக்குப் போட்டாலே புரியும்: 5 பேர் டீமில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 ஜோடி, 10 பேரானால் 45, 20 பேரானால் 190. டெட்லைனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சேர்கிறவர் அடுத்த டெட்லைனுக்குத்தான் உதவுவார்.

அப்புறம் பணம். சம்பளம் மாதாமாதம் போகும், இன்வாய்ஸ் பணம் 30 நாள், 60 நாள் கழித்து வரும். கையெழுத்தான வேலையை மட்டும் எண்ணுங்கள், “வரும் போலிருக்கு” என்பதை எண்ணாதீர்கள். புதியவரின் ஆறு மாதச் சம்பளம் கையில் இல்லையென்றால் நான் எடுக்க மாட்டேன்.

இன்டர்வியூவில் புதிர்க் கேள்விகளை விட்டுவிடுங்கள். கூகுளில் மனிதவளத்தைக் கவனித்த லாஸ்லோ பாக், அது வெறும் நேர விரயம், கேட்பவர் தன்னைப் புத்திசாலியாக நினைத்துக்கொள்ளத்தான் உதவும் என்று 2013இல் வெளிப்படையாகவே சொன்னார். அதற்குப் பதில் உங்கள் வேலையிலிருந்தே ஒரு துண்டைக் கொடுங்கள். நாங்கள் கொடுப்பது ஒரு சின்ன புரோகிராம், அதில் சில பயனர்களுக்கு மட்டும் தேதி ஒரு நாள் முன்னதாகக் காட்டும். சிலர் பார்த்தவுடனே தேதியோடு ஒன்றைக் கூட்டிவிட்டு “சரியாகிடுச்சு” என்பார்கள். ஒருவர் கீபோர்டைத் தொடாமலேயே “அந்தப் பயனர்கள் எந்த நாட்டில் இருக்காங்க? சர்வர் எந்த டைம்ஸோன்ல ஓடுது?” என்று கேட்டார். ரெசியூமில் மற்றவர்களைவிட அனுபவம் குறைவு, ஆனால் அவரைத்தான் எடுத்தோம். எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுங்கள், ஒரே கேள்விகளைக் கேளுங்கள், இன்டர்வியூ செய்தவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதி வைக்கட்டும், இல்லையென்றால் சத்தமாகப் பேசுகிறவரின் கருத்துதான் ஜெயிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் வேலையென்றால் அதற்குக் காசு கொடுத்துவிடுவது மரியாதை.

சேரும் நாளில் லேப்டாப், பாஸ்வேர்ட், ரெப்போ (கோட் எல்லாம் இருக்கும் இடம்) அனுமதி எல்லாம் தயாராக இருக்கட்டும். முதல் வாரத்துக்குள் ஒரு வரித் திருத்தமாவது அவர் கையால் புரொடக்ஷனுக்கு, அதாவது பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டத்துக்கு, போகட்டும். செட்டப் வழிமுறையில் எங்கே முட்டி நின்றாரோ அந்த இடத்தை அவரையே திருத்தி எழுதச் சொல்லுங்கள், பழைய ஆட்களின் கண்ணுக்கு அந்த ஓட்டை தெரியவே தெரியாது.

ஆஃபர் லெட்டரை அனுப்புவதற்கு முன் இன்னொன்று. அதே வேலையை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருப்பவரின் சம்பளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். புதியவருக்கு அதைவிட அதிகமாகத் தரப் போகிறீர்கள் என்றால் பழையவருக்கு முதலில் ஏற்றிவிடுங்கள். சம்பளம் ரகசியம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் ஒரே மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதற்கடுத்த மாதம் நீங்கள் தேடப் போவது இரண்டு பேரை.