ஏற்றத்தில் மட்டும் மூச்சு முட்டிய மினி லாரி

சேலத்தில் சமதரையில் நன்றாக ஓடும் என் டர்போ டீசல் மினி லாரி, லோடோடு ஏற்காடு ஏறினால் நாலாவது கொண்டை ஊசி வளைவுக்குள் இழுவை போய் கரும்புகை தள்ளும். டீசல் ஃபில்டர் மாற்றினேன், இன்ஜெக்டர் சர்வீஸ் செய்தேன், பலன் இல்லை. சரி, காற்றுதான் போதவில்லை என்று பேப்பர் ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு கூம்பு ஃபில்டர் போட்டேன். சத்தம் கூடியது, இழுவை இன்னும் குறைந்தது, ஏனென்றால் அது இன்ஜின் சூட்டுக் காற்றை அல்லவா இழுக்கிறது! பழையபடி பேப்பர் ஃபில்டருக்கே திரும்பினேன்.

நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, லோடு இல்லாமல் அவ்வளவு உறிஞ்சாது. அதனால் செல்போனை வீடியோவில் போட்டு, ஏர் பாக்ஸ் பக்கம் டேப் சுற்றிக் கட்டி மலை ஏறினேன். பாக்ஸிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், சூடேறியதும் இளநீர் ஸ்ட்ரா மாதிரி சப்பையாக ஒட்டிக்கொள்வது வீடியோவில் தெரிந்தது. வண்டி ஆறினால் பழைய வடிவம், யார் கண்ணிலும் படாது.

உள்ளே ஸ்டீல் கம்பிச் சுருள் உள்ள, அதே விட்டத்தில் வேறு ரப்பர் ஹோஸ், இரண்டு கிளாம்ப் வாங்கி மாட்டினேன். ஏர் பாக்ஸுக்குள் காற்று நுழையும் வாயை கேபினுக்குப் பின்னால் உயர்த்தி, மழை விழாதபடி கீழ்நோக்கித் திருப்பினேன். மொத்தம் 1,100 ரூபாய். தோட்டத்து பிளாஸ்டிக் ஹோஸ் வேண்டாம், சூட்டில் இளகும். ஒரு வாரம் கழித்து ஹோஸுக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன், தூசி இல்லை, அதாவது இணைப்பில் லீக் இல்லை.