கமெண்ட்ல வாங்கிக் கட்டிக்கிட்டா என்ன செய்யணும்? பட்டவன் சொல்லுதேன்

மொதல்ல நான் செஞ்ச கூத்தச் சொல்லிருதேன், அப்பதான் மிச்சம் வெளங்கும். பத்தமடையில ஒரு அக்கா வீட்டுல பாய் நெய்யுதத என் யூடியூப் சேனலுக்காக வீடியோ எடுத்தேன். டீ போட்டுக் குடுத்து ரெண்டு மணி நேரம் பொறுமையா காட்டுனாவ. வீட்டுக்கு வந்து எடிட் பண்ணும்போது வாய் சும்மா இருக்காம, ‘டவுன்ல இதே பாய் கால்வாசி வெலைக்குக் கெடைக்கு மக்களே, சும்மா பேர வச்சு ஏத்துதாவ’ன்னு வாய்ஸ் ஓவர்ல ஒரு வரி சேத்துட்டேன். டவுன்ல நான் பாத்தது பிளாஸ்டிக் பாய். இவங்களுது கோரைய மெலிசா கீறி, தண்ணில ஊறப்போட்டு, பருத்தி நூல் பாவுல கையால நெய்யுதது, புவிசார் குறியீடு வாங்குனது. ரெண்டும் எப்படில ஒண்ணாவும்?

மறுநாள் அக்கா மவன் கமெண்ட் போட்டான்: ‘எங்கம்மா இந்த ஒரு பாய்க்கு எத்தன நாள் ஒக்காந்தாவன்னு கேட்டியளா அண்ணே?’ நான் என்ன செஞ்சேன், டெலீட் பண்ணிட்டேன். அவன் அதுக்கு முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தான் போல, சாயங்காலத்துக்குள்ள ஊர் குரூப் பூரா சுத்திட்டு.

அதனால கமெண்ட் வந்த ஒடனே கைய கட்டிக்கிட்டு ஒக்காருங்க. பதில் போடாதீங்க, அழிக்கவும் செய்யாதீங்க. கமெண்ட்ட சத்தமா வாசிங்க, வசவு வார்த்தைய எல்லாம் எடுத்துட்டு மிச்சம் ஏதாவது நிக்கான்னு பாருங்க. எங்க பக்கம் ‘ஏல கூறுகெட்டவனே’ன்னு ஆரம்பிச்சுதான் நல்ல விசயமே சொல்லுவாவ, தொனிய வச்சு எடை போட்டா ஏமாந்துருவீங்க. எடுத்தப்புறம் ஒண்ணுமே நிக்கலன்னா, வீட்டுப் பொம்பளையள இழுக்கான், சாதிய இழுக்கான்னா, அது விமர்சனம் இல்ல. அந்த ஆள சேனல்லேர்ந்து மறைச்சிருங்க, யூடியூப் செட்டிங்ஸ்ல தடுக்க வேண்டிய வார்த்தைன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல அந்த வார்த்தையள ஏத்திருங்க, தானா நின்னுக்கும். ஊர் பேரப் போட்டு வீடியோ விடுதவங்களுக்கு இந்த லிஸ்ட் கட்டாயம் வேணும், ஏன்னு நெல்லைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

தப்பு நம்ம மேலதான்னு தெரிஞ்சா, கேமராவ ஆன் பண்ணுததுக்கு முன்னாடி யாருக்கு வலிச்சுதோ அவங்ககிட்ட போங்க. நான் அக்கா வீட்டுக்குப் போனப்ப கூட வந்த பய ‘அண்ணே ஒரு சின்ன கிளிப் எடுத்துக்கிடட்டா’ன்னான், போனப் பிடுங்கி பைக் பெட்டியில போட்டேன். அக்கா உள்ள கூப்பிடல, வாசல்ல நிக்க வச்சே பேசுனாவ. ‘எங்க வீட்டு டீயக் குடிச்சிட்டுத்தானல பேசிருக்க’ன்னாவ. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல? ‘நான் என்ன செய்யணும்க்கா’ன்னு மட்டும் கேட்டேன். ‘அந்த வரிய எடு, எத்தன நாள் வேலன்னு சேத்துச் சொல்லு’ன்னாவ. நான் அழுது வீடியோ போடணும்னு அவங்க கேக்கவே இல்ல பாத்தியளா.

வரிய எடுக்க வீடியோவ அழிச்சுட்டு திரும்ப ஏத்த வேண்டியதில்ல. யூடியூப் ஸ்டுடியோவுல எடிட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல நடுவுல உள்ள துண்ட மட்டும் வெட்டிரலாம், லிங்க்கும் வியூஸும் கமெண்ட்டும் அப்படியே இருக்கும். சேவ் ஆக நேரம் எடுக்கும், பதறாதீங்க. ஆனா சத்தமில்லாம வெட்டுனா அதுவும் திருட்டுத்தனம்தான், அதனால எந்த நிமிசத்துல என்ன இருந்துச்சு, ஏன் வெட்டுனேன்னு ஒரு கமெண்ட் எழுதி மேல பின் பண்ணி வைங்க.

தனியா மன்னிப்பு வீடியோ வேணுமான்னா, தப்பு பெருசா பரவிருந்தா மட்டும் போடுங்க. சுருக்கமா போடுங்க. நான் இன்னது சொன்னேன், அது தப்பு, இன்னாருக்கு வலிச்சுது, இன்னத மாத்திருக்கேன், அவ்வளவுதான். ‘யார் மனசாவது புண்பட்டிருந்தா’ன்னு ஆரம்பிக்காதீங்க, புண்பட்டவங்க யாருன்னு நமக்கே தெரியுமே, அப்புறம் என்ன ‘இருந்தா’? நம்மூர்க்காரன் வேற, மன்னிப்புலயும் அல்வா குடுக்கான்னு அடுத்த கமெண்ட் வரும்.

2018 தொடக்கத்துல அமெரிக்க யூடியூபர் லோகன் பால் செஞ்சதப் பாருங்க. ஜப்பான்ல ஒரு காட்டுல இறந்து கெடந்தவரக் காட்டி வீடியோ போட்டுட்டு, மன்னிப்புக் கடிதத்துலயே வியூஸுக்காகச் செய்யல, வியூஸ் எனக்கு வரத்தான செய்யுதுங்குத மாதிரி எழுதுனாரு. அந்த வரிதான் வெனையா போச்சு, மறுநாள் வீடியோவுல வந்து திரும்ப மன்னிப்புக் கேட்டாரு, யூடியூப் அவர பெரிய விளம்பரத் திட்டத்துலேர்ந்தும் எடுத்துட்டு. 2023ல கொலீன் பாலிஞ்சர்னு இன்னொரு அமெரிக்க யூடியூபர் மேல புகார் வந்தப்ப அந்தம்மா யுகுலேலேன்னு குட்டி கிட்டார் மாதிரி ஒண்ண வாசிச்சு பத்து நிமிசம் பாட்டாவே பதில் சொல்லுச்சு, புகார விட பாட்டுதான் பெரிய கேலியா போச்சு. அதனால சோக மியூசிக், கண்ணத் தொடைக்க தம்ப்நெயில், எதுவும் வேண்டாம். மன்னிப்பு வீடியோவுக்கு விளம்பரத்தையும் ஆஃப் பண்ணிருங்க, மன்னிப்ப வச்சு காசு பாக்கான்னு பேரு வரக்கூடாது.

‘காசு வாங்கிட்டுத்தான சொல்லுத’ன்னு கேட்டா மட்டும் லேட் பண்ணாதீங்க. வாங்குனா வாங்குனேன்னு வீடியோவுலயே சொல்லணும். பொய்யான விளம்பரத்துக்கு அதுல நடிக்கவங்க மேலயும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூவா வரைக்கும் அபராதம் போடலாம்.

நம்ம ரசிகப் பயலுவள ஒருத்தரும் மறந்துருதாவ. எனக்காக நாலஞ்சு பேரு அந்தப் பையனோட இன்ஸ்டாவுல போயி ஏசிட்டு வந்தானுவ. ‘அங்க யாரும் போகாதீங்க, அவன் சொன்னதுதான் சரி’ன்னு பின் பண்ணுன கமெண்ட்லயே சேத்தேன். அந்தப் பையன் அதுக்கு லைக்கும் போடல, பதிலும் போடல. அக்காவும் இன்னும் வீட்டுக்கு வான்னு கூப்பிடல, அம்பை பஸ்ல அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பாப்பேன், அவ்வளவுதான். பின் பண்ணுன கமெண்ட் இன்னும் மேலதான் கெடக்கு.