தரைவீடு வாங்குமுன் மனைக்கு அடியில் யாருக்கு என்ன உரிமை என்று பார்ப்பது எப்படி?

சிங்கப்பூரில் தரைவீட்டையோ கடைவீட்டையோ முதன்முறையாக வாங்க முன்வருபவர்கள் விலை, எஞ்சிய குத்தகைக் காலம், வங்கிக் கடன் ஆகியவற்றைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அந்த நிலத்தின் மீதும் அதற்கு அடியிலும் வேறு யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் வழக்கறிஞரிடம் விட்டுவிடுகிறார்கள். வழக்கறிஞர் தம் வேலையைச் செய்வார். ஆனால் பின்கட்டில் சமையலறையை நீட்டிக்க நீங்கள் எண்ணியிருப்பது அவருக்குத் தெரியாது. வாங்கும் உரிமையை உங்களுக்கென ஒதுக்கிவைக்கும் ஆப்ஷன் கட்டணமாக வழக்கமாக விலையில் 1 விழுக்காட்டைச் செலுத்திய பிறகு கிடைக்கும் ஏறத்தாழ இரண்டு வார அவகாசத்திற்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, கீழ்க்காணும் படிகளை முடித்துவிடுவது நல்லது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்குபவர்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை தேவைப்படா.

முதல் படி: மனை எண்ணும் பதிவேடும்

அஞ்சல் முகவரியை வைத்து நிலத்தைத் தேட முடியும் என்றாலும், சட்டப்படி ஒரு மனைக்கு அடையாளம் அது இருக்கும் நில அளவைப் பிரிவின், அதாவது முக்கிம் அல்லது நகரப் பிரிவின், எண்ணும், அதனுடன் சேர்ந்த மனை எண்ணுமே ஆகும். சிங்கப்பூர் நில ஆணையத்தின் இன்லிஸ் இணையச் சேவையில் கட்டணம் செலுத்தி, அந்த மனையின் உரிமைப் பதிவைப் பெறலாம். உரிமையாளர் பெயர், குத்தகைக் காலம், அடமானம் ஆகியவற்றோடு, ஈஸ்மெண்ட் எனப்படும் வசதியுரிமைகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பக்கத்து மனைக்காரர் உங்கள் சந்து வழியாக நடக்கலாம், அவருடைய வடிகால் உங்கள் நிலத்தின் ஊடே செல்லலாம் என்பன போன்ற உரிமைகள் அவை. வீடு கைமாறினாலும் அவை நிலத்தோடே ஒட்டிக்கொண்டு வரும்.

பதிவேட்டில் எதுவும் இல்லையென்றால் நிம்மதியடைந்துவிட வேண்டாம். ஒரு பெரிய நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது தண்ணீர், மின்சாரம், எரிவாயு, கழிவுநீர் ஆகியவற்றுக்கான வசதியுரிமைகள் சட்டத்தாலேயே ஏற்பட்டிருக்கலாம். அரசு அமைப்புகளுக்குத் தனிச் சட்டங்கள் தரும் அதிகாரங்களும் பதிவேட்டில் எழுதப்படாமலேயே செல்லுபடியாகும். எனவே, என் கருத்தில், அடுத்த படியே எல்லாவற்றிலும் முக்கியமானது.

இரண்டாம் படி: கழிவுநீர், வடிகால் வரைபடங்கள்

பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் இரண்டு வரைபடங்களைக் கேட்டுப் பெறுங்கள்: ஒன்று கழிவுநீர்க் குழாய்கள் பற்றியது, மற்றொன்று வடிகாலுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் பற்றியது. பழைய வரிசை வீடுகளில் பொதுக் கழிவுநீர்க் குழாய் பின்முற்றத்தின் குறுக்கே செல்வது சாதாரணம். முற்றத்தில் ஒரு மேன்ஹோல் மூடி தெரிந்தால், அது பூந்தொட்டி வைக்கத் தோதான மேடை அன்று. குழாய் போகும் பாதைக்கு அடையாளம்.

வரைபடத்தில் இரண்டு மேன்ஹோல்களை இணைக்கும் கோடுதான் குழாய். அம்புக்குறி நீரோட்டத்தின் திசையையும், அருகிலுள்ள எண் குழாயின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் காட்டும். ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் இரண்டு மட்டங்கள் தரப்பட்டிருக்கும்: மூடியின் மட்டம், குழாயின் உள் அடிமட்டம். எடுத்துக்காட்டாக, மூடி 4.20 மீட்டரிலும் அடிமட்டம் 1.70 மீட்டரிலும் இருந்தால் குழாய் 2.5 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஆழம் கூடக் கூட, கட்டடத்தை அதிலிருந்து இன்னும் தள்ளிக் கட்ட வேண்டியிருக்கும். குழாய்க்கு மேலோ அருகிலோ கட்டக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும். அதைப் பெறாமல் கட்டியதை உரிமையாளரின் செலவிலேயே அகற்ற நேரிடலாம். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே நீட்டிக் கட்டிய சமையலறை இருந்தால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தை விற்பவரிடம் கேளுங்கள். காட்டத் தயங்கினால், பேரம் பேச அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மூன்றாம் படி: சாலைக் கோடும் ரயிலும்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சாலைக் கோட்டு வரைபடம், எதிர்காலச் சாலை விரிவாக்கத்துக்காக உங்கள் மனையின் முன்பகுதி எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும். வீடு இப்போது இருக்கிறபடியே இருக்கும்வரை அதனால் பொதுவாகப் பாதிப்பு இராது. இடித்துப் புதிதாகக் கட்டும்போது அந்தப் பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எம்ஆர்டி கட்டமைப்பின் விளிம்பிலிருந்து 40 மீட்டருக்குள் மனை இருந்தால், அது ரயில் பாதுகாப்பு வட்டாரத்தில் வரும். அங்கே கட்டுமான வேலைகளுக்கு ஆணையத்தின் இசைவு தேவை. மிக ஆழமான சுரங்கங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். 2015ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, உரிமைப் பத்திரத்தில் ஆழம் குறிப்பிடப்படாத நிலங்களில், உயரங்களை அளப்பதற்கான பொது மட்டமாகிய சிங்கப்பூர் உயர அடிமட்டத்திற்கு 30 மீட்டர் கீழே வரைதான் உரிமை செல்கிறது; அதற்கும் கீழே செல்லும் சுரங்கம் உங்கள் நிலத்தில் சேராது.

நான்காம் படி: நிலப் பயன்பாடு

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. அதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் மனையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எதிரே இருக்கும் காலி நிலத்துக்கு என்ன பயன்பாடு, எவ்வளவு மனை விகிதம் (மனையின் பரப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு தரைப்பரப்பு கட்டலாம்) என்பதே நாளைக்கு உங்கள் சன்னலுக்கு வெளியே என்ன எழும்பும் என்பதைத் தீர்மானிக்கும்.

கடைவீடு வாங்குபவர்களுக்கு இந்தப் படி இன்னும் கடுமையானது. லிட்டில் இந்தியா 1989இல் பழைய கட்டடங்களைப் பேணும் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது; அங்கே முகப்பை மாற்றவும், துணிக்கடையை உணவகமாக்கவும் அனுமதி வேண்டும். வாகன நெரிசலும் குடியிருப்பாளர்களின் புகாரும் மிகுந்த சில பகுதிகளில் புதிய உணவகங்களுக்கு அனுமதி கிடைப்பதே அரிது. வாசலில் இருக்கும் அஞ்சடியையும், அதாவது கடைமுகப்பில் கூரையின் கீழ் செல்லும் நடைபாதையையும், கணக்கில் கொள்ளுங்கள்: அது உங்கள் மனைக்குள் அடங்கியிருந்தாலும் பொதுமக்கள் நடக்கும் வழி. ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலிருந்தே அப்படித்தான். காய்கறிக் கூடைகளை அங்கே அடுக்குவது நமக்கெல்லாம் பழக்கப்பட்ட காட்சி என்பதால் அது உரிமையாகிவிடாது.

ஐந்தாம் படி: ஆப்ஷன் கடிதமும் அண்டை வீட்டாரும்

வழக்கறிஞரின் விசாரணைகளுக்கு அரசு அமைப்புகள் தரும் பதில்கள் திருப்தியளிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற விதி ஆப்ஷன் கடிதத்தில் பெரும்பாலும் இருக்கும். எதையெல்லாம் அது திருப்தியற்ற பதிலாகக் கருதுகிறது என்பதை வழக்கறிஞருடன் வரி வரியாகப் படியுங்கள். உங்கள் கட்டுமானத் திட்டத்தையும் அவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். வாங்கிய பிறகு பொது வடிகாலையோ சந்து வழியையோ பற்றி அண்டை வீட்டாருடன் பிணக்கு எழுந்தால், வழக்குக்கு முன் சமூக சமரச நிலையத்தை நாடுவது செலவையும் உறவையும் காக்கும்.

கடைசியாக, நிலத்தைத் தோண்டும் நாள். அடியில் மின்கம்பிகள் எங்கே செல்கின்றன என்பதை உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவர் குறித்துக் கொடுத்த பிறகே மண் வேலையைத் தொடங்கலாம். அந்தச் செலவை விலைப்புள்ளியில் தனி வரியாக எழுதித் தருமாறு ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.