ஐந்தாவது குண்டு வரை அசையாத பிடி

25 மீட்டர் ஸ்டாண்டர்டு பிஸ்டல் போட்டியின் கடைசி நான்கு சுற்றுகளில், ஒவ்வொன்றிலும் 10 விநாடிக்குள் 5 குண்டுகள் சுட வேண்டும். என் முதல் குண்டு இலக்கின் நடுவில், பத்துப் புள்ளி வளையத்தில் விழும். மற்றவை மேலேறி ஏழு, ஆறு என்று சிதறும். இத்தனைக்கும் பாயிண்ட் 22 தோட்டாதான், பெரிய உதைப்பு கிடையாது. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கை நடுங்கியதுதான் மிச்சம்.

ஒருநாள் உள்ளங்கையில் சாக்பொடி தடவிக்கொண்டு சுட்டுப் பார்த்தேன். மரப்பிடியில் கட்டைவிரல் பக்கம் வெள்ளை அப்பியிருந்தது. உள்ளங்கையின் அடிப்பகுதி பட வேண்டிய இடத்தில் தடமே இல்லை. அந்த இடைவெளியில்தான் ஒவ்வொரு உதைப்புக்கும் துப்பாக்கி நகர்ந்திருக்கிறது! மர மக்கு வைத்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். மூன்று முறை தேய்த்த பிறகே கை கச்சிதமாக உட்கார்ந்தது.

கையைப் பிடியில் முடிந்தவரை மேலே ஏற்றி வைக்கிறேன். நடுவிரலும் மோதிரவிரலும் நேர் பின்னோக்கி அழுத்துகின்றன; கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. மணிக்கட்டு பூட்டியதுபோல் நிற்கிறது. சுட்ட பின்பும் கண்ணை முன்குறியிலிருந்து, அதாவது குழல் முனையில் குறிபார்க்க உள்ள மேட்டிலிருந்து, எடுப்பதில்லை. அந்த முன்குறி தானாகவே துப்பாக்கியின் பின்பக்கக் குறியில் உள்ள பள்ளத்துக்குள் வந்து இறங்குகிறது, அடுத்த குண்டுக்குத் தயாராக.