மாடி சூடு ஆறட்டும்

முதலில் வாங்கிய டெலஸ்கோப்பின் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் வியாழன் கொதிக்கிற தண்ணீரில் போட்ட பட்டாணி மாதிரி குதித்தது. இப்போது இருப்பது 6 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் திரும்பும் கண்ணாடி டெலஸ்கோப்), குவியத் தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120. பெரும்பாலான இரவுகளுக்கு இவை இரண்டே போதும்.

காரியத்தைக் கெடுப்பது காற்றுதான், அதுவும் நம் மொட்டை மாடிக் காற்று. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணி வரை அனல் கக்கும்; அதில் காற்று அலைந்து காட்சி ஆடும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் மாடியில் பொழுது சாய்ந்ததும் நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவேன். “சமையலறையை ஒருநாள் கழுவியதுண்டா?” என்பாள் அம்மா. டெலஸ்கோப்பையும் ஒரு மணி நேரம் முன்பே மேலே ஏற்றிவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து தூக்கி வந்தால், மூடியைக் கழற்றாமல் வையுங்கள். புதுச்சேரி ஈரக்காற்று பட்டால் குளிர்ந்த கண்ணாடி மேல் பனி பிடித்துவிடும். பிடித்துவிட்டால் துடைக்கக் கூடாது, தானாகக் காயட்டும். பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோருக்கு நேர் மேலே நிற்கும் எதையும் பார்க்காதீர்கள்.

கிரகத்துக்குப் போகும் முன் ஓர் இரட்டை நட்சத்திரத்தைப் பார்த்து அன்றைய காற்றை எடைபோடுவேன். சித்திரை மாதம் என்றால் அல்ஜீபா. மகம் நட்சத்திரத்துக்குச் சற்று வடக்கே, சிங்கத்தின் பிடரியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி 4.7 ஆர்க் விநாடி (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க் விநாடி), அதாவது 1.2 கிலோமீட்டர் தள்ளி வைத்த பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். 120 மடங்கில் இரண்டு பொன்னிறப் புள்ளிகளும் நடுவே ஒரு கருப்பு இழையும் நிலையாகத் தெரிந்தால் தைரியமாகக் கிரகத்துக்குத் திருப்புங்கள். இரண்டும் ஒன்றாகக் குழைந்தால் 48-க்கு இறங்கி, சப்தரிஷியில் வசிஷ்டரைப் பாருங்கள். அருந்ததி ஒரு பக்கம் இருக்க, வசிஷ்டரே இருவர். இடைவெளி 14 ஆர்க் விநாடி.

வியாழனில் ஃபோகஸை வட்டத்தின் விளிம்பில் தேடாதீர்கள், அதன் நிலவுகளை ஊசிமுனை ஆக்குங்கள். அப்புறம் ஸ்டூல் போட்டு உட்காருங்கள், கால் மணி நேரமாவது. முதலில் இரண்டு பட்டைகள்தான் தெரியும். காற்று ஒரு நொடி அடங்கும்போது பட்டையின் ஓரத்தில் ஒரு நெளிவு வந்து மறையும். அடுத்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். சனி வளையத்தில் காசினி இடைவெளி என்னும் கருப்புக் கோடும் இப்படித்தான் அகப்படும்.

மே கடைசியில் இரவு பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் நிற்கும்; இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, அதுவும் ஓர் இரட்டை நட்சத்திரம். எங்கள் ஊரில் அது 17 பாகைக்கு மேல் ஏறாது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்கும் தென்னைக்கும் நடுவே முக்கால் மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். தாழ்வாக இருப்பதால் ஓரங்களில் சிவப்பும் நீலமும் கசியும், டெலஸ்கோப்பைக் குறை சொல்லாதீர்கள். 2016-ல் 4 ஆர்க் விநாடி வரை நெருங்கிய அந்த ஜோடி இப்போது விலகி வருகிறது, அதனால் பிரிப்பது சுலபம். அது இரட்டை என்பதை முதலில் கண்டவர் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1689 டிசம்பரில், இதே புதுச்சேரியிலிருந்து. அவர் டெலஸ்கோப்பைத் திருப்பியதோ ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்க்க.